டி டிரைவ் இடம் மாறிய கணினி: விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு நடந்தது பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சிறிய ஆடிட்டர் அலுவலகம் ஒன்றின் முக்கியக் கணினி இது. டேலி மென்பொருளின் கணக்குகள், வாடிக்கையாளர்களின் ரிட்டர்ன் கோப்புகள், ஸ்கேன் செய்த பில்கள் எல்லாம் இதில்தான் இருந்தன. மற்ற கணினிகளும் நெட்வொர்க் வழியாக இதைத்தான் திறக்கும். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் இழுத்துப் பிடித்து ஓட்டியவர்கள், ஒருவழியாக 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, தெரிந்த ஒருவரை வைத்து அதில் விண்டோஸ் 10 போட்டுக்கொண்டார்கள். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை அவர் அப்படியே உள்ளே விட்டுவிட்டார். ஃபார்மேட் அடிக்கவில்லை, ஒரு கோப்பைக்கூடத் தொடவில்லை. அந்த வரைக்கும் வேலை சுத்தம்தான்.

மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் டேலி, டேட்டா இருக்க வேண்டிய பாதையே இல்லை என்றது. கணக்குகள் இருந்த டி டிரைவைத் திறந்தால் காலி. அதன் மொத்த அளவே 100 எம்பி. இ டிரைவில் பேக்கப் இருக்க வேண்டும். அங்கே போனால் புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ், யூசர்ஸ் என்று வேறு கோப்புறைகள். எஸ்எஸ்டி போட்டதில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

என்னிடம் வருவதற்குள் அவர்களே சில காரியங்கள் செய்திருந்தார்கள். கணக்கு எழுதும் பெண் சொன்னது: "அண்ணா, டேலி திறக்குது, ஆனா ஒரு கம்பெனியும் காட்டல. சரின்னு டி-லேயே ஆபீஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு, புதுசா கம்பெனி கிரியேட் பண்ணி அன்னைக்கு வவுச்சரெல்லாம் போட்டுட்டேன். சாயங்காலம் பேக்கப்பும் எடுத்துட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வயிற்றில் புளியைக் கரைத்தது. அவர் பேக்கப் என்றது ஒரு பேட்ச் கோப்பு, அதாவது இரட்டைக் கிளிக் செய்தால் உள்ளே எழுதியிருக்கும் கட்டளையை ஓட்டிவிடும் சிறு கோப்பு. பழைய டெஸ்க்டாப்பில் இருந்ததை யாரோ புதிய டெஸ்க்டாப்பிலும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரே வரி: டி:\ஆபீஸ் கோப்புறையை இ:\பேக்கப் கோப்புறைக்கு விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி மூலம், 'மிர்' சுவிட்ச் போட்டு நகலெடு. 'மிர்' என்றால் மூலத்தில் இருப்பதை அங்கே கொண்டுபோவதோடு நிற்காது, மூலத்தில் இல்லாத எதையும் அங்கே விட்டுவைக்காது. ஒரே நாளில் முளைத்த கோப்புறையை மூலமாக வைத்து இதை ஓட்டினால், பல வருடப் பேக்கப் சில விநாடிகளில் துடைத்துப்போகும்.

துடைபடவில்லை. ஏன் என்பதைப் பார்த்தால் கணினியில் என்ன நடந்திருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

டிஸ்க்குகளையும் அவற்றின் பகுதிகளையும் காட்டும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். பழைய ஹார்ட் டிஸ்க் 465.76 ஜிபி என்று முழுதாகவே நின்றது, 500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் தன் கணக்கில் அப்படித்தான் காட்டும். டிஸ்க் போகவில்லை. அதில் வரிசையாக நான்கு பார்ட்டிஷன்கள், அதாவது டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள். முதலில் 100 எம்பி, இது விண்டோஸ் 7 தன் பூட் (கணினியைத் தொடக்கும்) கோப்புகளுக்காகத் தானே ஒதுக்கிக்கொள்ளும் சிஸ்டம் ரிசர்வ்டு. அடுத்தது 97.56 ஜிபி, பழைய விண்டோஸ் இருக்கும் இடம். பிறகு 200 ஜிபி ஒன்றும் 168 ஜிபி ஒன்றும். பழைய விண்டோஸில் முதலாவதற்கு எழுத்தே கிடையாது, மற்ற மூன்றும் முறையே சி, டி, இ. புதிய விண்டோஸோ எஸ்எஸ்டியில் தான் உட்கார்ந்த இடத்தைச் சி என்று வைத்துக்கொண்டு, எதிரே கண்ட பார்ட்டிஷன்களுக்கு டி, இ, எஃப், ஜி என்று வரிசையாகக் கொடுத்துவிட்டது. 100 எம்பி துண்டுக்கு டி, பழைய சி-க்கு இ. ஆபீஸ் டேட்டா எஃப் ஆகிவிட்டது, பேக்கப் ஜி. டிவிடி டிரைவ் எச்-க்குப் போயிருந்தது.

டி காலியாகத் தெரிந்ததற்கும் இதுதான் காரணம். சிஸ்டம் ரிசர்வ்டுக்குள் பூட் கோப்புறையும் பூட்எம்ஜிஆர் கோப்பும் உண்டு. இரண்டும் மறைத்து வைக்கப்பட்டவை, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. அந்த 100 எம்பிக்குள்தான் அந்தப் பெண் ஒரு நாள் கணக்கை எழுதியிருந்தார். பேக்கப் எடுத்தபோது மூலம் அந்தக் குட்டிக் கோப்புறை, போய்ச் சேர்ந்த இடம் பழைய சி. அங்கே பேக்கப் என்ற பெயரில் எதுவுமே இல்லாததால் ரோபோகாப்பி புதிதாக ஒன்றை உண்டாக்கிச் சில எம்பியைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. இரண்டு எழுத்துமே தவறாக இருந்ததால் தப்பித்தார்கள். இ மட்டும் சரியாக இருந்திருந்தால் கதை வேறு.

அதற்கும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. ஆடிட்டர் தன் பங்குக்கு, முதலில் பேக்கப் டிரைவையாவது இ ஆக்கிவிடலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குள் போயிருக்கிறார். எழுத்துப் பட்டியலில் இ வரவில்லை, வேறொரு பார்ட்டிஷன் அதை வைத்திருந்தது. சரி, விடு என்று வெளியே வந்துவிட்டார். அவர் மட்டும் பிடிவாதம் பிடித்து இ-யை விடுவித்துக் கொடுத்திருந்தால், மறுநாள் மாலை பேக்கப் ஐகான் மீது விழும் இரட்டைக் கிளிக் மொத்தப் பேக்கப்பையும் அழித்திருக்கும்.

எழுத்து எங்கே எழுதியிருக்கிறது?

"சார், பயாஸ் மெனுவில் போய்ப் பழைய விண்டோஸை ஓப்பன் பண்ணினா எல்லாம் சரியா இருக்கே! டி-யில் டேட்டா, இ-யில் பேக்கப். அப்போ புது எஸ்எஸ்டியில்தானே கோளாறு?" என்று ஆடிட்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரே டிஸ்க்கை இந்த விண்டோஸில் பார்த்தால் ஒரு எழுத்து, அந்த விண்டோஸில் பார்த்தால் வேறு எழுத்து.

டிரைவ் எழுத்து என்பது வீட்டு வாசலில் அடித்த கதவு எண் அல்ல, ஒரு தபால்காரர் தன் நோட்டில் குறித்துக்கொண்ட அடையாளம். ஆள் மாறினால் நோட்டும் மாறும். விண்டோஸ் 2000-இலிருந்து இந்த நோட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது: லோக்கல் மெஷின், சிஸ்டம், அதற்குள் மவுண்டட்டிவைசஸ். ஒவ்வொரு எழுத்துக்கும் அங்கே ஒரு பதிவு உண்டு. எம்பிஆர் வகை (பார்ட்டிஷன் அட்டவணையைப் பழைய முறையில் எழுதிய) டிஸ்க் என்றால் அதன் மதிப்பு 12 பைட். முதல் 4 பைட் அந்த டிஸ்க்கின் கையொப்பம், இது டிஸ்க்கின் முதல் செக்டாரில் 440-ஆவது பைட்டிலிருந்து எழுதியிருக்கும். மீதி 8 பைட், பார்ட்டிஷன் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கணக்கு. எஸ்எஸ்டியைப் போலப் புதிய முறையான ஜிபிடி வகை என்றால் 24 பைட், அதில் பார்ட்டிஷனின் தனி அடையாள எண் இருக்கும்.

இதை ஆடிட்டருக்கு நேரிலேயே காட்டினேன். புதிய விண்டோஸில் டி-க்கான பதிவில் கையொப்பத்துக்குப் பிறகு 00 00 10 00 00 00 00 00 என்று இருந்தது. கடைசி பைட்டிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். வருவது 1,048,576, அதாவது டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து சரியாக 1 எம்பி தள்ளி. அந்த இடத்தில் தொடங்குவது சிஸ்டம் ரிசர்வ்டு. இ-க்கு நேரே 00 00 50 06 00 00 00 00, அதாவது 101 எம்பி. அந்த 100 எம்பி துண்டு முடிந்தவுடன் வரும் பார்ட்டிஷன், பழைய சி.

அப்புறம் பழைய விண்டோஸின் நோட்டையும் திறந்தோம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில், வேறொரு விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி கோப்பை (ஹைவ்) ஏற்றிப் பார்க்க 'லோட் ஹைவ்' என்று ஒரு வசதி உண்டு. பழைய விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் சிஸ்டம் என்ற பெயரில் நீட்டிப்பு எதுவும் இல்லாத கோப்பு. அதை ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றினால் பழைய மவுண்டட்டிவைசஸ் பட்டியல் அப்படியே கண் முன் வரும். அதில் சி-க்கு நேரே அதே கையொப்பம், அதே 00 00 50 06. பழைய டி-க்கு நேரே இருந்த 12 பைட்டும் புதிய எஃப்-க்கு நேரே இருந்த 12 பைட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பழைய இ-யும் புதிய ஜி-யும் அப்படியே. இதற்குமேல் சாட்சி வேண்டாம். எதையும் மாற்றாமல் ஹைவை இறக்கிவிட்டோம்.

இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், பல நேரங்களில் வேண்டாம். பார்ட்டிஷனுக்கு உருப்படியான பெயர் வைத்திருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இங்கே இரண்டுக்குமே 'நியூ வால்யூம்' என்றுதான் பெயர். பேக்கப் என்பது டேட்டாவின் அச்சு அசல் நகல், ஆகவே கோப்புறையின் பெயரைத் தவிர, உள்ளே திறந்து பார்த்தாலும் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எது அசல், எது நகல் என்று ஊகத்தில் முடிவு செய்துவிட்டு 'மிர்' ஓட்டும் துணிச்சல் எனக்கு இல்லை.

சரிசெய்த வரிசை

முதல் வேலை எழுத்தைத் தொடுவது அல்ல. டேலியை மூடினோம், மற்ற கணினிகளிலும் மூடச் சொன்னோம். பேட்ச் கோப்பின் நீட்டிப்பை டெக்ஸ்ட் என்று மாற்றி அதன் பல்லைப் பிடுங்கினோம். இப்போது யார் கிளிக் செய்தாலும் நோட்பேட்தான் திறக்கும். 100 எம்பி பார்ட்டிஷனில் எழுதியிருந்த ஒரு நாள் கணக்கை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தோம். எழுத்தை எடுத்துவிட்டால் அந்தப் பார்ட்டிஷன் எக்ஸ்ப்ளோரரிலிருந்து மறைந்துவிடும், அப்புறம் அந்தக் கணக்கு எங்கே என்று இன்னொரு தேடல் தொடங்கும்.

இரண்டு எழுத்துகளை நேரடியாக இடம் மாற்றிக்கொள்ள முடியாது. ஒருவரிடம் இருப்பதை இன்னொருவருக்குக் கொடுக்க விண்டோஸ் சம்மதிக்காது, பட்டியலிலேயே காட்டாது. ஆகவே விடுவிப்பது முதலில், கொடுப்பது பிறகு. சிஸ்டம் ரிசர்வ்டிடமிருந்து டி-யை எடுத்துவிட்டேன். அதற்கு எழுத்தே தேவையில்லை. பழைய சி-யை இ-யிலிருந்து டபிள்யூவுக்குத் தள்ளினேன். யாரும் தற்செயலாகப் போய் நிற்காத தூரத்தில் இருக்கட்டும் என்றுதான். பிறகு எஃப்-ஐ டி ஆக்கி, அதன்பின் ஜி-யை இ ஆக்கி, டிவிடி டிரைவை ஆர் என்று மாற்றினேன். ஒவ்வொரு முறையும், இந்த எழுத்தை நம்பியிருக்கும் புரோகிராம்கள் ஓடாமல் போகலாம் என்று எச்சரிக்கை வரும். நாம் அவற்றை ஓட வைக்கத்தானே மாற்றுகிறோம், ஆம் என்று சொல்லலாம். முடிந்ததும் ஒரு ரீஸ்டார்ட்.

கட்டளை வரியில் செய்ய விரும்புகிறவர்கள் டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வால்யூம்' போட்டு, எண்ணைத் தேர்ந்தெடுத்து, 'அசைன் லெட்டர்' கொடுக்கலாம். வேகம் அதிகம். ஆனால் அந்தக் கறுப்புத் திரையிலேயே 'கிளீன்' என்றொரு சொல்லும் வேலை செய்யும். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதை அடித்தால் பார்ட்டிஷன் அட்டவணை மொத்தமும் போய்விடும், 'நிஜமாகவா?' என்று ஒரு கேள்விகூட வராது. வாடிக்கையாளர் டேட்டா இருக்கும் கணினியில் நான் மவுஸைத்தான் பிடிப்பேன்.

இணையத்தில் உலவும் இன்னொரு வைத்தியம், மவுண்டட்டிவைசஸ் பதிவுகளை மொத்தமாக அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. விண்டோஸ் மறுபடி எல்லாவற்றையும் எண்ணி எழுத்துக் கொடுக்கும், உண்மைதான். அதுவும் தன் விருப்பப்படிதான் கொடுக்கும், நம் பழைய வரிசைப்படி அல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இருக்கும் கணினியில் இது சூதாட்டம்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு டேலி பழைய பாதையிலேயே கம்பெனிகளை எல்லாம் காட்டியது. ஒன்றுக்கொன்று இணைப்பு வைத்திருந்த எக்செல் கோப்புகளும் முனகாமல் திறந்தன. ஆனால் நடுவில் கழிந்த அந்தச் சிறு இடைவெளி வேறு சில முடிச்சுகளைப் போட்டிருந்தது. விண்டோஸ் போட்டுக்கொடுத்தவர் நெட்வொர்க் பகிர்வை எஃப்:\ஆபீஸ் மீது அமைத்திருந்தார். எஃப் இப்போது இல்லை, பகிர்வின் பெயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, மற்ற கணினிகளில் பிழைச் செய்தி. அதை நீக்கி டி:\ஆபீஸ் மீது அதே பெயரில் மறுபடி பகிர்ந்ததும் அவை சமாதானமாயின. சில ஷார்ட்கட்டுகள் அந்த இடைவெளியில் கிளிக் செய்யப்பட்டபோது தாமாகவே எஃப்-ஐத் தேடிக் கண்டுபிடித்து அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தன. ஷார்ட்கட் கோப்புக்குள் எழுத்து மட்டுமல்ல, வால்யூமின் (பார்ட்டிஷனின்) வரிசை எண்ணும் இருக்கும் என்பதால் விண்டோஸால் இப்படித் துரத்திப் பிடிக்க முடிகிறது. உதவிதான், நேரம் தப்பி வந்த உதவி. அவற்றை அழித்துப் புதிதாக உண்டாக்கினோம். ஒரு நாள் வவுச்சர்களை அந்தத் தற்காலிகக் கம்பெனியிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, உண்மையான கம்பெனியில் இறக்குமதி செய்துகொண்டார் அந்தப் பெண்.

இதே கோளாறின் வேறு முகங்கள்

டாஸ், விண்டோஸ் 98 காலத்தில் இப்படி ஒரு நோட்டே கிடையாது. ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக எண்ணும். முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு பிரைமரி பார்ட்டிஷன், அதற்குப் பிறகுதான் லாஜிக்கல் டிரைவ்கள் (எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் பிரித்தவை). ஒரு டிஸ்க்கில் சி-யும் டி-யும் வைத்து நிம்மதியாக இருப்பவர் இரண்டாவது டிஸ்க் ஒன்றை மாட்டினால், புது டிஸ்க்கின் பிரைமரி டி ஆகி, பழைய டி இ-க்குத் தள்ளப்படும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் இரண்டாவது டிஸ்க்கில் பிரைமரியே வைக்காமல் முழுவதையும் எக்ஸ்டெண்டட் ஆக்கியதன் சூட்சுமம் இதுதான். அப்படிச் செய்தால் புதியவை கடைசியில் போய் நிற்கும்.

எக்ஸ்பியில் வேறு தொல்லை. கார்டு ரீடர் மாட்டிய கணினியில் எக்ஸ்பி போட்டால், காலியாக இருக்கும் கார்டு துளைகள் முன்வரிசை எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு, விண்டோஸே எச் அல்லது ஐ என்ற எழுத்தில் போய் உட்காரும். விண்டோஸ் இருக்கும் டிரைவின் எழுத்தைப் பிறகு மாற்ற வழியில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட் மறுத்துவிடும், ரெஜிஸ்ட்ரியில் வலுக்கட்டாயமாக மாற்றினால் அதன் உள்ளே ஆயிரக்கணக்கான இடங்களில் எழுதியிருக்கும் பழைய பாதைகள் அநாதையாகிவிடும், லாகின் திரையைத் தாண்டாது. ரீடரைக் கழற்றிவிட்டு மறுபடி போடுவதுதான் தீர்வு. விஸ்டாவுக்குப் பிறகு டிவிடி அல்லது பென்டிரைவிலிருந்து பூட் செய்து போட்டால் புதிய விண்டோஸ் தன்னைச் சி என்றே அழைத்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 7-க்குள்ளிருந்தே செட்டப்பை ஓட்டி வேறு பார்ட்டிஷனில் போட்டால் மட்டும், அங்கே அப்போது என்ன எழுத்தோ அதுவே ஒட்டிக்கொள்ளும்.

நான் மிகவும் பயப்படும் இடம் இன்ஸ்டால் திரைதான். அங்கே ஷிஃப்ட், எஃப்10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும். அது ஓடுவது எக்ஸ் என்ற தற்காலிக டிரைவில். அந்தச் சூழலும் தனி விண்டோஸ்தான், அதற்கும் தனி நோட்டு. சிஸ்டம் ரிசர்வ்டுக்குச் சி என்றும் உண்மையான சி-க்கு டி என்றும் அது பெயர் வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். "சி-யை மட்டும் ஃபார்மேட் அடி, டி-யைத் தொடாதே" என்று வீட்டில் சொல்லி அனுப்பியதை அங்கே போய் அப்படியே நிறைவேற்றினால் என்ன ஆகும்? எழுத்தைப் பார்க்காமல் அளவையும் பெயரையும் பார்க்க வேண்டும். முடிந்தால் டேட்டா டிஸ்க்கின் சாட்டா கேபிளையே கழற்றிவைத்துவிட்டு விண்டோஸ் போட வேண்டும். கேபிள் கழற்றிய டிஸ்க்கை யாராலும் ஃபார்மேட் அடிக்க முடியாது. அப்படிப் போடும்போது டிவிடி டிரைவோ பென்டிரைவோ டி-யைப் பிடித்துக்கொள்ளும். அது பெரிய விஷயமில்லை. புரோகிராம்களை ஏற்றுவதற்கு முன்பே அதைத் தூரமாக ஓர் எழுத்துக்கு அனுப்பிவிட்டு, டிஸ்க்கை மாட்டி, பழைய எழுத்துகளைக் கொடுத்துவிடலாம்.

விட்டுவந்த நிலை

பார்ட்டிஷன்களுக்குப் பெயர் வைத்தோம்: ஒன்றுக்கு ஆபீஸ் டேட்டா, மற்றொன்றுக்குப் பேக்கப். பெயர் அந்தப் பார்ட்டிஷனுக்குள்ளேயே எழுதப்படுகிறது, எந்தக் கணினியில் மாட்டினாலும் கூடவே வரும். 100 எம்பி துண்டிலிருந்து ஆபீஸ் கோப்புறையையும், பழைய சி-யிலிருந்து அந்தப் போலிப் பேக்கப்பையும் நீக்கினோம்.

பேட்ச் கோப்பைப் பழையபடி விட மனமில்லை. டேட்டா பக்கம் ஒரு சிறிய அடையாளக் கோப்பும் பேக்கப் டிரைவில் வேறு பெயரில் இன்னொன்றும் வைத்தேன். ரோபோகாப்பி ஓடுவதற்கு முன் இரண்டும் அந்தந்த எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், ஒன்று இல்லாவிட்டாலும் செய்தி காட்டிவிட்டு நின்றுவிட வேண்டும். பேக்கப் பக்கத்து அடையாளக் கோப்பைப் பேக்கப் கோப்புறைக்கு வெளியே வைத்ததைக் கவனிக்கவும். உள்ளே வைத்தால் 'மிர்' அதையே முதல் நாளில் அழித்துவிடும். முதல் ஓட்டத்தை 'எல்' சுவிட்சோடு ஓட்டினோம். அது எதையும் நகலெடுக்காது, அழிக்காது, என்ன செய்யப்போகிறது என்ற பட்டியலை மட்டும் தரும். அழிக்க வேண்டியவை என்று வந்த சில கோப்புகளைக் கணக்கு எழுதும் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்து, "ஆமாண்ணா, இதெல்லாம் நான் டெலிட் பண்ணினதுதான்" என்று சொன்ன பிறகே உண்மையான ஓட்டம்.

கடைசியாக ஒரு சோதனை. கணினியை நிறுத்தி, பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு இயக்கினோம். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் போட்டால், பூட் கோப்புகள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடுவது உண்டு. அப்போது பழைய டிஸ்க்கை எடுத்தால் கணினி எழுந்திருக்காது. இங்கே யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் எஸ்எஸ்டியிலேயே தனி பூட் பார்ட்டிஷன் அமைந்திருந்தது, தனியாக எழுந்து வந்தது. மறுபடி கேபிளை மாட்டினால் டி-யும் இ-யும் அதே எழுத்தில் வந்து நின்றன. டபிள்யூவில் இருக்கும் பழைய விண்டோஸை ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகு துடைத்துவிட்டு, அந்த 97 ஜிபியை டேட்டாவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். அதுவரை அதைத் தொட வேண்டாம் என்று ஆடிட்டரிடம் சொல்லியிருக்கிறேன்.